பதிப்புப் பொருத்தம்

உலகத்துப் பொருள்களுள் தனித்து நின்று பயன் தருவன சில. பிறிதொன்றோடு கூடி நின்று பயன் தருவன பல. பூட்டும் திறவுகோலும், வில்லும் நாணும், ஏரும் நுகமும் இவ்வாறு கூடி நிற்பவை. திறவுகோல் நன்கு அமைந்ததாயினும், பூட்டு உறுதியுடையதாயினும், ஒன்று மற்றொன்றுக்கு ஒவ்வாதாயின் கதவு திறவாது. அப்பொழுது திறவுகோலை எத்துணை முறை ஆராயினும் அதன்கண் குற்றம் காண இயலாது. பூட்டை ஆராயினும் அவ்வாறே. குற்றம் இரண்டிலும் இல்லை. இரண்டிற்கும் இடையே உள்ள பொருத்தமின்மையிலேயே உள்ளது. இவ்வகைக் குற்றத்தைக் கண்டறிதல் அரிது; கண்டறியாமையால் விளையும் கேடோ பெரிது. இக்காலத்தில் கணினித் துறையில் இக்குற்றம் எவ்வாறு தோன்றுகின்றது என்பதையும், அதனை எவ்வாறு விலக்கலாம் என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

நம் நாட்டுத் தொழில் ஒன்றை முதலில் எடுத்துக்கொள்வோம். கடலூர் மாவட்டத்தில் மணிமுத்தாற்றின் கரையில் அமைந்துள்ளது விருத்தாசலம். திருமுதுகுன்றம் என்பது அதன் பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் பெருமையுற்ற அவ்வூர் பீங்கான் தொழிலாலும் பெயர் பெற்றது. அத்தொழிலைக் கற்பிக்கும் பயிலகம் ஒன்றும் அங்கே உண்டு. அருகிலுள்ள கருவேப்பிலங்குறிச்சி முதலிய சிற்றூர்களிலிருந்து விருத்தாசலம் செல்லும் மாணவர்கள், பொம்மைகளும் அகல்களும் மின்கருவிகளுக்குரிய பீங்கான் உறுப்புகளும் உருவாவதைக் கண்டிருப்பர்.

பீங்கான் கலம் ஒன்று இரு பகுதிகளை உடையது. களிமண்ணால் ஆகிய உடல் ஒன்று; அதன்மேல் கண்ணாடி போலப் படிந்து மின்னும் மெருகுப்பூச்சு மற்றொன்று. சூளையின் கடு வெப்பத்தில் இவ்விரண்டும் விரிகின்றன. சூளை ஆறும்போது சுருங்குகின்றன. இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவிற் சுருங்குமாயின் கலம் அழகுற அமையும். உடலைவிடப் பூச்சு மிகுதியாகச் சுருங்குமாயின், சிறிய சட்டையை அணிந்தவன் மூச்சை இழுத்தால் தையல் தெறிப்பது போல, பூச்சின்மேல் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைப்பின்னலாகப் பரவும். பூச்சு மிகக் குறைவாகச் சுருங்கினாலோ, அது விளிம்புகளிலிருந்து செதிள் செதிளாகப் பெயர்ந்துவிடும். மண்ணும் நன்மண்ணே, பூச்சும் நற்பூச்சே, இரண்டும் கூடியவிடத்துக் குற்றம் பிறந்தது. இன்னும் ஒன்று நோக்குக. இவ்வெடிப்பு சூளை திறந்த அன்றே தோன்றாமல், பல நாள் கழித்துத் தோன்றுவதும் உண்டு. அன்று குறை காணப்படவில்லை என்பதனால் குறை இல்லை என்று துணிதல் தகாது. இவ்வுண்மையை மனத்திற் கொண்டு கணினியினிடம் செல்வோம்.

சிற்றூரில் உள்ள இ-சேவை மையம் ஒன்றிற்குச் சென்று வருவாய்ச் சான்று வேண்டி ஒருவர் விண்ணப்பிக்கின்றார். மையத்துக் கணினி அச்சான்றைத் தானே ஆக்கித் தருவதன்று. அது தொலைவில் உள்ள வேறொரு கணினியை வேண்டுகின்றது; அக்கணினி வேண்டியதை வழங்குகின்றது. இவ்வாறு பலர்க்கும் வழங்கும் கணினியை வழங்கி என்பர். சர்வர் என்னும் பெயரும் மக்கள் வழக்கில் உள்ளது. வங்கிக் கணக்கு, தொடர்வண்டிப் பயணச்சீட்டு, தேர்வு முடிவு ஆகியவை அனைத்தும் இத்தகைய வழங்கிகளின் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

பெரிய வழங்கி ஒன்று ஒரே பணிக்கு மட்டும் பயன்படுமாயின் அதன் ஆற்றலுட் பெரும்பகுதி வீணாகும். ஆதலின், ஒரு பெரிய வீட்டைப் பகுத்துப் பல குடித்தனங்களுக்கு விடுவது போல, ஒரு கணினியைப் பல கணினிகளாகப் பகுத்துப் பயன்படுத்தும் முறையை அறிஞர் கண்டனர். ஒவ்வொரு பகுதியும் தான் ஒரு முழுக் கணினி என்றே கருதிப் பணி செய்யும். உண்மையில் அதற்கெனத் தனி உடல் இல்லை. மென்பொருளால் ஆக்கப்பட்ட தோற்றமே அது. அதனை மெய்நிகர் பொறி என்பர். குடித்தனங்களுக்கெல்லாம் தண்ணீரும் விளக்கும் அளந்து விடும் காரியக்காரர் போல, மெய்நிகர் பொறிகளுக்கெல்லாம் நினைவகமும் நேரமும் பகிர்ந்தளிக்கும் மென்பொருள் ஒன்று உண்டு. அதற்கு ஹைப்பர்வைசர் என்று பெயர்.

இம்முறை நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்க நாட்டின் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளர்கள் அமைத்த சி.பி.-40 என்னும் அமைப்பு 1967ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் வழிவந்த வி.எம்./370 என்பது 1972ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அக்காலத்தில் பெருங்கணினிகளுக்கே உரியதாக இருந்த இவ்வாற்றலை, 1999ஆம் ஆண்டில் வி.எம்.வேர் என்னும் நிறுவனம் சிறு கணினிகளுக்கும் கொணர்ந்தது. 2007ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தின் உள்ளேயே இவ்வாற்றல் கே.வி.எம். என்னும் பெயரால் இடம்பெற்றது. இன்று உலகெங்கும் உள்ள பெரிய தரவு மையங்களில் எண்ணிறந்த மெய்நிகர் பொறிகள் இயங்கி வருகின்றன.

இனிப் பதிப்பு என்னும் சொல்லை ஆராய்வோம். நூல் ஒன்று முதற் பதிப்பாக வந்து, பிழை நீக்கப்பெற்று, திருத்திய பதிப்பாக மீண்டும் வருவதை மாணவர் அறிவர். மென்பொருளும் அத்தன்மையதே. ஆயின், நூலுக்குப் பல ஆண்டுகட்கு ஒருமுறை நிகழும் திருத்தம், மென்பொருளுக்குத் திங்கள்தோறும், சிற்சில வேளைகளில் நாள்தோறும் நிகழ்கின்றது. ஆகவே ஒவ்வொரு பதிப்பிற்கும் எண் இடுகின்றனர். அவ்வெண் பெரும்பாலும் 4.2.7 என்பது போலப் புள்ளிகளாற் பிரிந்த மூன்று பகுதிகளாக இருக்கும். பலரும் மேற்கொண்டுள்ள மரபின்படி, பழையவற்றோடு பொருந்தாத பெருமாற்றம் செய்தால் முதல் எண் ஏறும். பழைய பொருத்தம் கெடாதபடி புதிய வசதி சேர்த்தால் நடு எண் ஏறும். பிழை மட்டும் நீக்கினால் கடை எண் ஏறும். இவ்வெண்ணைப் பதின்மக் கணக்காகக் கருதி மயங்கலாகாது. 4.9 என்னும் பதிப்பைவிட 4.10 என்னும் பதிப்பே புதியது. ஏனெனில் ஒன்பதுக்குப் பின் வருவது பத்து அன்றோ?

எனவே, பதிப்பு எண் என்பது வெறும் அடையாளம் அன்று, ஒரு வாக்குறுதி. 'இன்ன பதிப்பை நம்பி நீ உன் பணியைச் செய்யலாம்' என்று ஒரு மென்பொருள் மற்றொன்றுக்கு அளிக்கும் சொல் அது. அச்சொல் தவறும்போதும், கேட்போன் அதனைக் கேளாது போகும்போதும் கேடு விளைகின்றது.

மெய்நிகர் பொறியில் இப்பொருத்தம் பல அடுக்குகளில் அமைய வேண்டும். அடியில் உள்ளது வன்பொருள், அதன்மேல் ஹைப்பர்வைசர், அதன்மேல் மெய்நிகர் பொறியின் இயங்குதளம், அதன்மேல் அவ்வியங்குதளத்தைச் சார்ந்து நிற்கும் துணை நிரல்கள், எல்லாவற்றுக்கும் மேலே மக்கள் பயன்படுத்தும் மென்பொருள். ஓர் அடுக்கைப் புதுப்பித்து மற்றோர் அடுக்கைப் பழையதாக விட்டால், உடலும் பூச்சும் வேறுபட்ட கலம் போல எங்கேனும் ஓரிடத்தில் வெடிப்புத் தோன்றும். ஒரு வழங்கியில் இயங்கிக்கொண்டிருக்கும் மெய்நிகர் பொறியை நிறுத்தாமலே மற்றொரு வழங்கிக்கு மாற்றும் வியத்தகு முறை ஒன்று உண்டு. எனினும், புதிய பதிப்பு உள்ள வழங்கியில் பிறந்த பொறியைப் பழைய பதிப்பு உள்ள வழங்கி ஏற்றுக்கொள்ளாமல் மறுத்தலும் உண்டு. புதியதற்குரிய உறுப்புகளைப் பழையது அறியாது என்பதே அதன் காரணம்.

மெய்நிகர் பொறிக்கே உரிய வேறோர் இடரும் உளது. அதற்கு உடல் இல்லாமையால் அதனைப் படியெடுத்தல் மிக எளிது. ஒன்றை அமைத்துவிட்டால் அதனின்றும் நூறு படிகளைச் சிறுபொழுதில் எடுக்கலாம். தேவை இல்லாத பொழுது சில படிகளை உறங்க வைக்கலாம். ஆறு திங்கள் கழித்து எழுப்பினால், அப்பொறி தான் உறங்கிய நாளில் இருந்த பதிப்புகளோடேயே எழும். இடையில் உலகம் மாறியிருப்பதை அஃது அறியாது. விழித்திருந்த தோழர்கள் புதிய பதிப்பிற் பேச, உறங்கி எழுந்தது பழைய பதிப்பில் விடையிறுக்கும்.

படியெடுத்தலால் வேறுபாடு தோன்றுதல் தமிழர்க்குப் புதிய செய்தியா? நம் முன்னோர் நூல்களை ஓலையில் எழுதிக் காத்தனர். ஓலை செல்லரித்துப் போகுமுன் அதனைப் பார்த்து வேறோர் ஓலையில் எழுதினர். எழுதுவோர் கைப்பிழையாலும், புள்ளியிடாது எழுதும் வழக்காலும், சிலர் தாமே திருத்தியமையாலும் படிகள் ஒன்றற்கொன்று வேறுபட்டன. இதனையே பாட வேறுபாடு என்றனர். 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும், 1892ஆம் ஆண்டில் சிலப்பதிகாரத்தையும், 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், பல ஊர்களில் அலைந்து ஏடுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடங்களைத் துணிந்தார். ஒரே ஓலையை நம்பிப் பதிப்பித்தல் எளிது. அவ்வோலையின் பிழையே நூலின் பிழையாக நிலைபெற்றுவிடும் என்பதனை அப்பெரியார் நன்கு உணர்ந்திருந்தார். ஓலைப் படிகளை ஒப்புநோக்கும் அவ்வொழுக்கமே வழங்கிகளைக் காப்போர்க்கும் இன்றியமையாதது. எட்டுப் படிகள் ஒன்றுபோல் உள்ளன என்று எண்ணுதல் வேறு; எட்டையும் எடுத்து ஒப்புநோக்கி உறுதி செய்தல் வேறு.

எட்டு என்னும் எண்ணை ஈண்டுக் கூறியதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க நாட்டில் நைட் காபிடல் என்னும் பங்கு வாணிக நிறுவனம் இருந்தது. மக்கள் அனுப்பும் பங்குக் கட்டளைகளைச் சந்தைக்கு விடுக்கும் மென்பொருள் அதன் எட்டு வழங்கிகளில் இயங்கியது. 2012ஆம் ஆண்டு சூலைத் திங்களின் இறுதியில் அம்மென்பொருளுக்குப் புதிய பதிப்பு ஒன்றை இட்டனர். ஏழு வழங்கிகளில் புதிய பதிப்பு ஏறியது, எட்டாவதில் ஏறவில்லை. அதனை ஒப்புநோக்கிச் சரிபார்க்க இரண்டாம் ஆள் ஒருவரும் அமர்த்தப்படவில்லை.

அவ்வெட்டாம் வழங்கியில் பழைய நிரற்பகுதி ஒன்று நீக்கப்படாமல் கிடந்தது. 2003ஆம் ஆண்டிலேயே அதன் பயன்பாட்டை நிறுவனத்தார் கைவிட்டிருந்தனர். கட்டளை நிறைவேறியவுடன் 'போதும், நிறுத்து' என்று கூறும் பகுதியை 2005ஆம் ஆண்டில் வேறிடத்திற்கு மாற்றிவிட்டமையால், அந்நிரல் தொடங்கினால் நிறுத்தும் அறிவற்றதாயிற்று. இவ்வளவில் தீங்கு இல்லை. உறங்கும் நிரல் உறங்கியே கிடந்திருக்கும். ஆயின், பழைய நிரலை எழுப்பப் பயன்பட்ட அதே குறியைப் புதிய பதிப்பில் வேறொரு பணிக்குப் பயன்படுத்தினர். ஏழு வழங்கிகள் அக்குறியைப் புதிய பொருளிற் கொண்டன. எட்டாவது பழைய பொருளிற் கொண்டது.

ஆகத்து முதல் நாள் சந்தை திறந்தது. எட்டாம் வழங்கி கட்டளைகளை இடையறாது விடுத்துக்கொண்டே இருந்தது. மக்கள் அனுப்பிய 212 சிறு கட்டளைகளை நிறைவேற்றப் புகுந்து, 45 நிமிடங்களில் 40 இலட்சத்துக்கும் மேற்பட்ட வாணிகங்களைச் செய்தது; 154 வகைப் பங்குகளில் 39 கோடியே 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட பங்குகள் கைமாறின. சந்தை திறக்குமுன்பே 97 எச்சரிக்கை மின்னஞ்சல்கள் நிறுவனத்துக்குள் வந்திருந்தன. அவற்றை எச்சரிக்கை என்று உணர்வார் இல்லை. கேடு தொடங்கிய பின்னர் நிகழ்ந்ததோ இன்னும் இரங்கத்தக்கது. புதிய பதிப்பே குற்றம் உடையது என்று கருதிய பணியாளர், அது சரியாக ஏறியிருந்த ஏழு வழங்கிகளிலிருந்தும் அதனை நீக்கினர். ஒன்றில் இருந்த நோய் எட்டிற்கும் பரவிற்று. நிறுவனத்தின் இழப்பு 46 கோடி டாலரைக் கடந்தது. தனித்து நிற்க வலியற்ற அந்நிறுவனம் அடுத்த ஆண்டில் பிறிதொரு நிறுவனத்தோடு இணைந்தது.

ஒரே குறிக்கு இருவர் இரு பொருள் கொள்ளும் இந்நிலையைத் தமிழ் எழுத்துகளும் ஒரு காலத்தில் எய்தின. கணினியில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் எண்ணாகவே இருக்கும். முன்னாளில் தமிழ் எழுத்துரு செய்தோர் தத்தம் விருப்பப்படி எண்களை அமைத்தனர். ஓர் அலுவலகத்தில் தமிழில் தட்டச்சிட்ட மடலை அவ்வெழுத்துரு இல்லாத மற்றோர் அலுவலகத்தில் திறந்தால், பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின. எழுதியவர் பிழை செய்யவில்லை, கணினியும் பழுதுறவில்லை, எண்ணுக்குரிய எழுத்து இன்னது என்னும் உடன்பாடே இல்லை. 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம் மாநாட்டின் வழியாகத் தமிழ்நாட்டில் டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகள் வகுக்கப்பட்டன. பின்னர், 2010ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, உலகப் பொதுவான யூனிகோடு முறையையும் டேஸ்-16 என்னும் முறையையும் ஏற்று ஆணையிட்டது. ஒருவன் எழுதிய தமிழை உலகின் எம்மூலையில் உள்ளவனும் இன்று படிக்க இயல்வது, பொது உடன்பாட்டின் பயனே ஆகும்.

இனி, நம் நாட்டையும் தாக்கிய நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 2024ஆம் ஆண்டு சூலை 19ஆம் நாள் வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்திற்கு, கிரவுட்ஸ்டிரைக் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் காவல் மென்பொருளுக்குரிய சிறு கோப்பு ஒன்றை உலகெங்கும் அனுப்பியது. விண்டோஸ் இயங்குதளம் உள்ள கணினிகள் அதனை ஏற்ற அளவிலே செயலற்று நீலத்திரை காட்டி நின்றன. மீண்டும் தொடங்கினால் மீண்டும் விழுந்தன. 78 நிமிடங்களில் அந்நிறுவனம் அக்கோப்பைத் திருத்தியது. அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டன என்று மைக்ரோசாப்ட் நிறுவனம் மதிப்பிட்டது. அவ்வெண் விண்டோஸ் கணினிகள் அனைத்திலும் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே. எனினும் மருத்துவமனை, வங்கி, விமான நிலையம் முதலிய இன்றியமையா இடங்களில் அவை இருந்தமையால் உலகமே திகைத்தது.

சென்னை உள்ளிட்ட இந்திய விமான நிலையங்களில் பயணிகள் நீண்ட வரிசைகளில் காத்து நின்றனர். கணினி அச்சிட வேண்டிய ஏறுதற் சீட்டுகளை ஊழியர்கள் கையால் எழுதிக் கொடுத்தனர். ஏறத்தாழ 200 பறப்புகளை இண்டிகோ நிறுவனம் கைவிட நேர்ந்தது. எழுதுகோலும் தாளும் இன்னும் பயனற்றுப் போகவில்லை என்பதை அன்று பலரும் உணர்ந்தனர்.

இத்துணைக் கேட்டிற்கும் மூலம் யாது? பின்னர் அந்நிறுவனமே வெளியிட்ட ஆய்வுரை அதனை விளக்கிற்று. அக்காவல் மென்பொருள் இரு பகுதிகளை உடையது. கணினியில் நிலையாக அமர்ந்திருக்கும் நிரல் ஒன்று. புதிய தீங்குகளை அறிவிக்க அவ்வப்போது வரும் கோப்பு மற்றொன்று. 2024ஆம் ஆண்டு பிப்பிரவரியில் வெளியான பதிப்பில், கோப்பின் இலக்கணம் 21 உள்ளீடுகளை எதிர்நோக்குமாறு வகுக்கப்பட்டது. உள்ளீடுகளைத் தரும் நிரலோ 20 மட்டுமே தந்தது. இருபத்தொன்றாம் இடத்தில் 'எதுவாயினும் ஆகுக' என்று முதலில் வந்த கோப்புகள் குறித்தமையால், அவ்விடத்தை எவரும் நோக்க நேரவில்லை. குறை மறைந்து கிடந்தது. சூலை 19ஆம் நாள் வந்த கோப்பே அவ்விடத்தை முதன்முதலாக நோக்கிற்று. அங்கே பொருள் இல்லை, நிரல் தன் எல்லை கடந்து நினைவகத்தில் கைவைத்தது, கணினி வீழ்ந்தது. சூளை திறந்த நாளில் தோன்றாது பின்னர்த் தோன்றும் வெடிப்பைப் போன்றதன்றோ இது? இருபதுக்கும் இருபத்தொன்றுக்கும் இடைப்பட்ட ஒன்றே உலகத்தை நிறுத்திற்று.

மெய்நிகர் பொறிகளும் அன்று தப்பவில்லை. அவற்றை மீட்க ஒரே பொறியை 15 முறை வரையிலும் மீளத் தொடங்க வேண்டியிருந்தது என்று பயன்படுத்தியோர் சிலர் கூறினர். ஆயினும் அவற்றிற்கு ஒரு நன்மையும் இருந்தது. உடலுடைய கணினி ஒவ்வொன்றின் முன்னும் ஓர் ஆள் சென்று அமர வேண்டும். மெய்நிகர் பொறியின் வட்டையோ தொலைவிலிருந்தே கழற்றி, நலமுள்ள வேறொரு பொறியில் பூட்டி, தீய கோப்பை நீக்கி, மீண்டும் முன்போற் பொருத்தலாம்.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர் ஒருவர், 'புதிய பதிப்பால் அன்றோ கேடு வந்தது. பழையதையே என்றும் வைத்துக்கொண்டால் என்?' என்று வினவலாம். வினா தக்கதே, விடையும் வரலாற்றிலேயே உள்ளது. 2017ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், விண்டோஸ் இயங்குதளத்தில் இருந்த ஓட்டை ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் வெளியிட்டது. அதனை ஏற்காது பழைய நிலையிலேயே விடப்பட்ட கணினிகள் பல. மே 12ஆம் நாள் வான்னாக்ரை என்னும் தீநிரல் அவ்வோட்டை வழியே புகுந்து, ஏறத்தாழ 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய நாட்டுப் பொது மருத்துவமனைகள் பல நோயாளரைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. ஆதலின் மாறாதிருத்தல் காவல் ஆகாது. மாறவும் வேண்டும், மாறுவதைக் கூடி நிற்பன எல்லாம் அறியவும் வேண்டும்.

அதற்குரிய வழிகளை அறிவுடையோர் வகுத்துள்ளனர். முதலாவது, ஏடு காத்தல். எந்த வழங்கியில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு உள்ளது, அதனை யார் எந்நாளில் ஏற்றினார் என்பன பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டாவது, ஒப்புநோக்கல். பதிவில் உள்ளதும் பொறியில் உள்ளதும் ஒன்றே என்பதை, ஏற்றியவர் அல்லாத பிறிதொருவரோ அதற்கென அமைந்த நிரலோ சரிபார்த்தல் வேண்டும். மூன்றாவது, சோதனை. மெய்நிகர் பொறியைப் படியெடுத்தல் எளிதாகலின், அப்படி ஒன்றிலே புதிய பதிப்பை ஏற்றிப் பார்த்துப் பின்னரே மக்கட் பணியில் உள்ளவற்றில் ஏற்றலாம். நான்காவது, படிப்படியாகப் பரப்பல். எல்லா வழங்கிகளுக்கும் ஒரே நொடியில் அனுப்பாது, முதலில் சிலவற்றுக்கு அனுப்பி, நலம் கண்டபின் ஏனையவற்றுக்கு அனுப்புதல் நன்று. 2024ஆம் ஆண்டின் கேட்டிற்குப் பின் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமும் இம்முறையை மேற்கொள்வதாக அறிவித்தது. ஐந்தாவது, மீளும் வழி. புதியது பொருந்தாவிடின் முன்னைய நிலைக்குத் திரும்பும் வழியை முன்னரே அமைத்து வைக்க வேண்டும். எந்நிலைக்குத் திரும்புகின்றோம் என்பதும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். நைட் காபிடல் பணியாளர் திரும்பினர். ஆனால் தீ எரியும் திசைக்கே திரும்பினர்.

இவ்வைந்தனுள் எதுவும் பேரறிஞர்க்கே இயல்வதன்று. எழுதி வைத்தல், மீண்டும் பார்த்தல், சிறிதளவிற் செய்து பார்த்தல், பொறுத்துச் செய்தல், திரும்பும் வழியை நினைத்தல் ஆகியன பொறுமையுடைய எவர்க்கும் இயல்வனவே. ஏழு வழங்கிகளைச் சரியாக அமைத்தவர்க்கு எட்டாவதை அமைக்கும் அறிவு இல்லாமற் போகவில்லை. எட்டாவதை எண்ணிப் பார்க்கும் பழக்கமே இல்லாமற் போயிற்று.

மாணவர்களே! உங்களுட் சிலர் நாளை சூளையிற் பணி செய்வீர்கள். சிலர் ஏடு ஆராய்வீர்கள். சிலர் தரவு மையங்களைக் காப்பீர்கள். எப்பணியை ஏற்பினும், உம்மோடு கூடி உழைப்பார் உம் பணியை நம்பியே தம் பணியைச் செய்வர் என்பதை மறவாதீர். ஒன்றை மாற்றுமுன், 'இதனைச் சார்ந்து நிற்பது எது? அதற்கு இம்மாற்றம் தெரியுமா?' என்று வினவுங்கள். மாற்றிய பின், மாற்றியதையும் நாளையும் தெளிவாக எழுதி வையுங்கள். பிறர் செய்த பணியில் குறை தோன்றின், யாரைக் குறை கூறலாம் என்று தேடுமுன், இரு பகுதிகளுக்கும் இடையில் உள்ள இணைப்பை ஆராயுங்கள். இப்பழக்கத்தை இன்றே உங்கள் குறிப்பேட்டிலிருந்து தொடங்கலாம்: ஒரு பாடத்தின் குறிப்பைத் திருத்தி எழுதினால் திருத்திய நாளையும் மேலே எழுதுங்கள், அக்குறிப்பை முன்னரே படியெடுத்துச் சென்ற தோழனுக்கும் திருத்தத்தைச் சொல்லுங்கள். அவன் தேர்வு அறையில் பழைய குறிப்பை நம்பி எழுதாதவாறு காப்பது உங்கள் கடமையே ஆகும்.